வரப்பில் வைத்த நாற்று முடி

கீழநெடுங்கரை,
பாபநாசம் வட்டம்.
ஆனி 6, வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் செம்மொழிக்கு, அம்மா அம்சம் ஆசீர்வாதத்தோடு எழுதுவது.

நீ நலமா என்று கேட்கப் போவதில்லை. தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு டிவியில் வந்து அதை நீயே காட்டிவிட்டுப் போகிறாய். நேற்று கட்டியிருந்த மாம்பழ நிறப் புடவை எடுப்பாக இருந்தது. ஆனால் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்ததே, அது மையா, தூக்கம் கெட்டதா? மேக்கப் போடுகிறவர்கள் ஊரை ஏமாற்றலாம், பெற்றவளை ஏமாற்ற முடியுமா? ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி. இங்கே எல்லோரும் சுகம். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. உன் தம்பி அன்பரசன் டிராக்டரை விட்டு இறங்குவதே இல்லை, ஊரெல்லாம் உழவு. மேட்டூர் தண்ணீர் நம் வாய்க்கால் வரைக்கும் வந்துவிட்டது. நாற்றங்கால் பச்சைப் பசேலென்று நிற்கிறது.

இதையெல்லாம் போனில் சொல்லலாம்தான். உன்னிடம் போனில் பேசுவது பஸ் படியில் தொங்கிக்கொண்டு பேசுகிற மாதிரி இருக்கிறது. நான் ‘அடியே’ என்று ஆரம்பிப்பதற்குள் ஷாட் ரெடி என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் அது அங்கேயேதான் கிடக்கும், திரும்ப எடுத்துப் படித்துத்தான் ஆக வேண்டும். அதோடு, உன் சின்ன வயதுக் கதையை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள் என்று உங்கள் டிவிக்காரப் பெண் கேட்டுவிட்டுப் போயிருக்கிறது. எட்டாவது வரை படித்த கை, எழுதத் தெரியாமல் இல்லை. அந்தப் பெண்ணுக்கு எழுதுவதை உனக்கே எழுதிவிடுகிறேன். எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று படித்துவிட்டு நீ முடிவு செய்.

அந்தப் பெண்ணின் பேர் கவிப்ரியா. செவ்வாய்க்கிழமை காரில் வந்து இறங்கியது, கூடக் கேமரா தூக்க ஒரு ஆள். சீர்காழிப் பக்கத்துப் பெண்ணாம். குறை சொல்ல மாட்டேன், நல்ல பிள்ளை, விரால் மீன் குழம்பை இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டது. உங்கள் டிவியின் ஆண்டு விழாவுக்காக, திரையில் வருகிறவர்கள் பிறந்த வீட்டுக்குத் திரும்பிப் போகிற மாதிரி நிகழ்ச்சி எடுக்கிறார்களாம். யார் கதை ஜனங்களை அதிகமாக உருக்குகிறதோ அவர்களுக்கு ஒன்பது மணி நிகழ்ச்சி என்று ஆபீஸில் பேச்சு அடிபடுகிறதாம். அந்த இடத்துக்கு நீயும் இன்னொரு பெண்ணும் போட்டியாம். நீ இதில் ஒரு வார்த்தை என்னிடம் சொன்னாயா? சாப்பிட்டுக்கொண்டே அது சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அது வாசலில் நின்று நம் வீட்டைப் பார்த்ததுமே முகம் சுருங்கிப் போயிற்று. உள்ளே வந்து டைல்ஸைப் பார்த்தது, ஃபிரிட்ஜைப் பார்த்தது, மாடிப்படியைப் பார்த்தது. பழைய வீடு எங்கே என்று கேட்டது. அதை இடித்த இடத்தில்தானே இதைக் கட்டியிருக்கிறோம் என்றேன். மேடம் சம்பாதித்து அனுப்பிக் கட்டியதுதானே என்று சொல்லிக்கொண்டே போனில் தட்டவும் ஆரம்பித்துவிட்டது. கொஞ்சம் நில்லும்மா என்று கையைப் பிடித்துக்கொண்டேன்.

இந்த வீடு எழும்பும்போது நீ ஏழாவது படித்துக்கொண்டிருந்தாய். அப்பா டிராக்டர் ஓட்டி, குத்தகைக்கு நிலம் பிடித்துச் சாகுபடி செய்து, நான் நடவு நட்டு, களையெடுத்துக் கட்டின வீடு. கொத்தனாருக்கு டீ வாங்க நீதான் தூக்குவாளியோடு ஓடுவாய், பாதி டீயைச் சாலையில் கொட்டிவிட்டு வருவாய். மகள் சம்பாதித்து எங்களைத் தூக்கி நிறுத்தினாள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். நாங்கள் நின்றுகொண்டுதான் இருந்தோம். எங்கள் தோளில் ஏறி நின்று நீ இன்னும் உயரமாகத் தெரிகிறாய், அதுதான் எனக்குப் பெருமை.

அதுவும் போகட்டும். எழுதிக்கொண்டு வந்திருந்ததை ஒருமுறை படித்துக் காட்டியது. ‘வயல் வரப்பில் பிறந்தவள்’ என்று ஆரம்பம். வரப்பில் யாராவது பிள்ளை பெறுவார்களா? கால் வைக்கவே இடம் போதாது. பாபநாசம் அரசு ஆஸ்பத்திரியில், கட்டிலில், மின்விசிறிக்குக் கீழேதான் நீ பிறந்தாய். உன் அப்பா வெளியில் நின்று நர்ஸிடம் திட்டு வாங்கினார். அதை எழுதினால் யாருக்கும் கண்ணீர் வராதாம்.

பிறகுதான் விஷயத்துக்கு வந்தது. கொல்லையில் இருக்கிற மாட்டுக்கொட்டகையை நம் பழைய வீடு என்று காட்டலாமாம். மாட்டை அந்தப் பக்கம் கட்டிவிட்டு, இரண்டு பாத்திரம், ஒரு பாய் போட்டால் போதுமாம். நான் கிழிந்த புடவை கட்டிக்கொண்டு உள்ளே இருந்து வர வேண்டும், நீ காரில் இருந்து இறங்கி ஓடி வருவாய், நான் உன்னைக் கட்டிக்கொண்டு கஞ்சிக்கு வழியில்லாமல் கிடந்ததைச் சொல்லி அழ வேண்டும். எனக்கு வராவிட்டால் கண்ணில் விட மருந்துகூட இருக்கிறதாம். நான் வாயைத் திறப்பதற்குள், மேடம் சரி என்று சொல்லிவிட்டார்கள் என்றது.

அன்று சாயங்காலமே உனக்குப் போன் போட்டேன். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கம்மா, டிவின்னா அப்படித்தான் என்றாய். நான் ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டேன். நான் ஒன்றும் சொல்லாமல் வைத்தால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியாததா?

சரி, கதையைக் கேட்டார்கள், கதையைச் சொல்கிறேன். பட்டணத்து ஆபீஸில் படிக்கிறவர்களுக்கும் புரியட்டும் என்று உனக்குத் தெரிந்ததையும் விவரமாகவே எழுதுகிறேன்.

நம் தெருவில் நடவுக்கு ஆள் சேர்க்கிறவள் நான்தான். நாளைக்கு யார் வயலில் நடவு, எத்தனை பேர் வேண்டும் என்று முதல் நாளே சொல்லி அனுப்புவார்கள். விடிந்ததும் தெருக்கோடியில் நின்று நான் பேர் பேராகக் கூப்பிட வேண்டும். ஒரு மழைக்காலத்தில் எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. நீ அப்போது ஒன்றாம் வகுப்பு. நான் உன் காதில் சொல்லச் சொல்ல, குடிதண்ணீர்த் தொட்டித் திண்டில் ஏறி நின்று நீ சத்தம் போட்டாய். இன்றைக்கு வடக்கு வெளி, மிராசுதார் வீட்டு நடவு, மடைக்குப் பக்கத்து வயல், விஜயலட்சுமி அக்கா வரணும், செல்லம்மா அத்தை வரணும், சாப்பாடு கட்டிக்கிட்டு வரணும் என்று ஒரு எழுத்து முழுங்காமல், ஒரு பேர் விடாமல் சொன்னாய். மறுநாள் என் தொண்டை சரியாகிவிட்டது. ஆனால் பெண்கள் விடவில்லை. ‘அம்சம் கத்துனா காது வலிக்குது, சின்னக்குட்டி சொன்னா வேலைக்குப் போகணும்னு தோணுது’ என்று விஜயலட்சுமி சொன்னாள். அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் கிளம்பும் முன்னால் தினமும் நீதான் சொல்வாய். செய்தி வாசிப்பது உனக்கு அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது. உங்கள் ஆபீஸில் எந்தப் பயிற்சி வகுப்பில் குரலைப் பழக்கினாய் என்று கேட்டால், கீழநெடுங்கரை தண்ணீர்த் தொட்டி என்று சொல்.

அடுத்தது நாற்று முடிக் கதை. நடவு நடக்கிற வயலுக்கு வேலை செய்யாத ஆள் யார் வந்தாலும் நாங்கள் மறிப்போம். நிலத்துக்காரரோ, அதிகாரியோ, புதுமாப்பிள்ளையோ, யாரானாலும் சரி. நாற்றைப் பறித்துக் கட்டாகக் கட்டிய ஒரு நாற்று முடியை எடுத்து வரப்பில் அவர் காலடியில் வைத்துக் குலவை போடுவோம். அவர் நிற்க வேண்டும். கையில் இருப்பதை நடவு ஆட்களுக்குக் கொடுத்துவிட்டு, முடியைக் குனிந்து எடுத்து வயலில் வைத்த பிறகுதான் நடக்க வேண்டும். காசு பெரிதில்லை. எட்டணா கொடுத்தவர்களும் உண்டு. முதுகு வளைத்து நிற்கிற எங்களுக்காக ஒரு நிமிஷம் நின்று அவரும் முதுகு வளைக்கிறார் இல்லையா, அதுதான் எங்களுக்கு மரியாதை. தாண்டிப் போனால் அதைவிட அவமானம் இல்லை. அப்படி யாரும் தாண்டியதும் இல்லை.

ஒருவர் தாண்டினார். நீ மூன்றாவது படிக்கும்போது, ரொம்ப நாள் வறட்சிக்குப் பிறகு தண்ணீர் வந்த வருஷம், டிவியில் காட்டுவதற்காகக் கேமராவோடு வந்தார்கள். மைக் வைத்திருந்தவர் காலடியில் விஜயலட்சுமி முடியை வைத்தாள். அவர் பாவம், பட்டணத்துக்காரர், வழியில் ஏதோ புல்லுக்கட்டு கிடக்கிறது என்று தாண்டி நடந்துவிட்டார். எங்கள் குலவை அப்படியே நின்றுபோயிற்று. லீவு நாள் என்று சோற்றுத் தூக்கோடு கரையில் உட்கார்ந்திருந்த நீ எழுந்தாய். அந்த ஆள் முன்னால் போய் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாய்.

“முடியத் தாண்டக் கூடாதுங்க சார். திரும்பிப் போய் நின்னுட்டு வாங்க” என்றாய்.

எனக்கு உயிரே போய்விட்டது. மிராசுதார் வெங்கடகிருஷ்ணன் எதிர் வரப்பில் குடையோடு நிற்கிறார், கூட அதிகாரிகள் வேறு. அந்த மனுஷன் உன்னையே பார்த்தார். பிறகு திரும்பிப் போய், முடிக்கு அந்தப் பக்கம் நின்று, குனிந்து எடுத்து வயலில் வைத்தார். காசும் கொடுத்தார். ஏன் தாண்டக் கூடாது என்று மைக்கை உன் வாயருகே நீட்டினார். நீ விட்டாயா? எந்த வாய்க்கால் தண்ணீர், எந்த ரக நாற்று, நடுகிறவர்கள் யார் யார் என்று நாற்பது பேர் பேரையும் சொல்லி முடித்துத்தான் மூச்சு விட்டாய்.

அன்று சாயங்காலம் செய்தியில் காட்டுவார்கள் என்று தெருவே திரண்டு மிராசுதார் வீட்டுக்குப் போனோம். அப்போது டிவி அங்கேதான். எப்போதும் போல வாசலில் நின்று ஜன்னல் வழியாகப் பார்த்தோம். அவர் சம்சாரம் சரசா அம்மா நல்ல மனசோடு டிவியை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்தார்கள். தண்ணீர் வந்தது, அதிகாரி வந்தார், மிராசுதாரின் குடை வந்தது. நீ வரவில்லை. நாங்களும் இல்லை. தூரத்தில் முதுகுகள் மட்டும் தெரிந்தன. நீ அழுவாய் என்று தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். நீ அழவில்லை. திரும்பி வரும்போது, “அந்தப் பொட்டிக்குள்ள நான் போனா எல்லார் பேரையும் சொல்லுவேன்” என்றாய். உன் சின்ன வயதுக் கதை என்றால் எனக்கு இதுதான் கதை.

நீ சொன்னபடியே போனாய். முதல் டிவியில் உன் பேச்சில் ஊர் வாசனை அடிக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள். தஞ்சாவூர் ஹாஸ்டல் மொட்டை மாடியில் நின்று பேப்பரை உரக்கப் படித்துப் படித்துப் பழகினாய். ஆரம்பத்தில் வானிலை மட்டும் கொடுத்தார்கள். அந்தத் தை மாசத்தை மறக்க முடியுமா? டெல்டா மாவட்டங்களில் பலத்த மழை என்று நீ சொன்னாய். செம்மொழியே சொல்லிவிட்டாள் என்று தெரு முழுக்க அறுப்பை நிறுத்தி, வந்த அறுப்பு மெஷினைத் திருப்பி அனுப்பி, களத்து நெல்லுக்கெல்லாம் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. ஒரு தூறல் இல்லை. வேறு யார் பிள்ளையாக இருந்தாலும் நாலு வார்த்தை கேட்டிருப்பார்கள். உன்னை ஒருத்தர் ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளை சரியாகத்தான் சொன்னாள், மேகம்தான் பேச்சு மாறிவிட்டது என்று டீக்கடையில் தீர்ப்பே சொல்லிவிட்டார்கள்.

ஏழு மணிச் செய்திக்கு நீ முதன்முதலாக வந்த நாளில் வீடு கொள்ளாத கூட்டம். அப்பா முன்வரிசையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நீ கைகூப்பி, வணக்கம், நான் செம்மொழி இராஜாங்கம் என்றாய். தன் பேர் காதில் விழுந்ததும் அவர் சட்டென்று எழுந்து நின்றுவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மிராசுதார் வீட்டில் பேர் சொல்லிக் கூப்பிட்டால் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து நின்ற உடம்பு அது. அன்றைக்கு அந்தப் பேரைக் கூப்பிட்டது தன் மகள் என்று தெரிந்ததும், மனுஷன் உட்காராமல் செய்தி முடிகிற வரைக்கும் நின்றுகொண்டே பார்த்தார். நான் உனக்காக அழுதது அந்த ஒரு நாள்தான். அதுவும் அடுக்களைக்குள் போய்.

இன்றைக்கு ரேஷன் கடையில் என்னை அம்சம் என்று யாரும் கூப்பிடுவதில்லை, செம்மொழி அம்மா என்கிறார்கள். சென்னையில் மகன் வீட்டோடு இருக்கிற சரசா அம்மா மாசத்துக்கு ஒரு தரம் போன் செய்து, உன் பொண்ணு என்ன அழகா பேசறா அம்சம் என்கிறார்கள். அவர்கள் ஊரை விட்டுப் போகும்போது, மடைக்குப் பக்கத்து ஒரு ஏக்கரை நமக்குத்தான் கிரயம் செய்து கொடுத்தார்கள். நீ தொட்டித் திண்டில் நின்று சொன்ன அதே வடக்கு வெளி வயல். இப்போது பட்டா இராஜாங்கம் பேரில் இருக்கிறது.

விளக்கு வைக்கிற நேரமாகிவிட்டது. நீ வருகிற நேரமும் ஆயிற்று. நாளைக்கு மிச்சத்தை எழுதுகிறேன்.

சனிக்கிழமை.

நேற்று எழுதியதோடு நிறுத்திக் கவரில் போட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். இன்று காலை நீ அப்பாவுக்குப் போன் செய்தாய். அவர் வாசலுக்குப் போய்ப் பேசினார். ஷூட்டிங்குக்கு வந்தவர்கள் எப்படி, எல்லாம் நல்லபடியாக ஆயிற்றா என்று நீ கேட்டிருக்கிறாய். எல்லாம் நல்லபடியாக முடிந்தது, நீ கவலைப்படாதே என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார். அவர் முகத்தைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

புதன்கிழமை நான் வார்டு மெம்பர் வேலையாகப் பஞ்சாயத்து ஆபீஸுக்குப் போயிருந்தேன். அழ மாட்டேன், கொட்டகைக்குள் போக மாட்டேன் என்று முதல் நாளே கவிப்ரியாவிடம் சொல்லியிருந்தேன். மதியம் திரும்பி வந்தால் கொல்லையில் பேச்சுக் குரல். போய்ப் பார்த்தேன்.

அப்பா மாட்டுக்கொட்டகையில் உட்கார்ந்திருந்தார். சட்டையைக் கழற்றிவிட்டு, கிழிந்த பனியனோடு, வைக்கோல் மேல் போட்ட பாயில், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒரு ஈயத் தட்டு. கேமரா ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் தலையைக் குனியுங்கள் ஐயா என்று யாரோ சொன்னார்கள். அவரும் குனிந்தார்.

யார் உங்களை இங்கே உட்காரச் சொன்னது, எழுந்திரிங்க என்று கத்தினேன். அவர் எழுந்திருக்கவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்துச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “நீ அழ மாட்டேன்னுட்டே. யாராச்சும் அழுதாத்தான் பாப்பாவுக்கு ஒம்போது மணி கிடைக்குமாம். நான் அழுதுட்டுப் போறேன் அம்சம், நீ போ.”

செம்மொழி, உன் வாயில் தன் பேர் வந்ததற்கே எழுந்து நின்ற மனுஷன். அவரைத் திரும்பவும் தலை குனிய வைத்து, வைக்கோலில் உட்கார வைத்துவிட்டார்கள். அதுவும் நம் சொந்தக் கொல்லையில். கையைப் பிடித்து எழுப்பிக்கொண்டு வந்து, சட்டையைப் போட்டுவிட்டு, சோறு போட்டேன். பாதிச் சோற்றில் கையைக் கழுவிவிட்டார். கவிப்ரியா வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தது. எங்க அப்பாவும் இப்படித்தாம்மா, எனக்காகன்னா எதுவும் செய்வாங்க என்றது. அதைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. எடுத்ததை அழித்துவிடு என்றேன். அப்போதே ஆபீஸுக்கு அனுப்பிவிட்டதாம். இனிமேல் அது அதன் கையில் இல்லையாம், மேடம் சொன்னால்தான் நிறுத்துவார்களாம்.

இதை அப்பா உன்னிடம் சொல்ல மாட்டார். நான் சொன்னேன் என்று தெரிந்தால் என்னோடு இரண்டு நாள் பேசவும் மாட்டார். பரவாயில்லை. இப்போது உனக்குத் தெரிந்துவிட்டது, இல்லையா?

நாம் கஷ்டப்படவில்லை என்று நான் சொல்லவில்லை. பட்டோம். ஜன்னலுக்கு வெளியே நின்றுதான் டிவி பார்த்தோம் என்று சொல்லு, ஊரே கேட்கட்டும், எனக்கு வெட்கமில்லை. நடந்ததை நிமிர்ந்து நின்று நானே கேமரா முன்னால் சொல்கிறேன். அடுக்களையில் நான் அழுத அந்த ஒரு அழுகையைக்கூடச் சொல்கிறேன். நடக்காததற்குக் கண்ணில் மருந்து விட்டுக்கொண்டு அழ மாட்டேன். அப்பாவை அழ விடவும் மாட்டேன். உனக்கு ஒன்பது மணி வேண்டாம் என்று நான் சொல்வேனா? பதினெட்டு ஊரும் அந்த நேரத்தில் உன்னைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு இல்லாத ஆசையா? உன் குரலுக்காக அதைக் கொடுக்கட்டும். உன் அப்பாவின் குனிந்த தலைக்காகக் கொடுத்தால் அந்த நாற்காலியில் உன்னால் உட்கார முடியாது. உன்னை நான் பெற்றவள், எனக்குத் தெரியும்.

அடுத்த வாரம் விட்டு அதற்கடுத்த வியாழக்கிழமை நம் ஒரு ஏக்கரில் நடவு. அன்பரசன் மெஷின் நடவு என்றான், நான் சம்மதிக்கவில்லை. இந்தப் போகம் கை நடவுதான், பழைய ஆட்கள் எல்லோரும் வருகிறார்கள். விஜயலட்சுமிக்கு இடுப்பு வலி, இருந்தாலும் வருவேன் என்கிறாள். நீயும் வா. கேமரா வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும்.

இத்தனை வருஷத்தில் மிராசுதாரை மறித்திருக்கிறோம், அதிகாரியை மறித்திருக்கிறோம், டிவிக்காரரையும் மறித்தாயிற்று. நம் தெருவில் பிறந்த ஒருத்தியை மறித்ததே இல்லை. நம் தெருவில் இருந்து வயலுக்கு வந்தவர்கள் எல்லோரும் சேற்றில் இறங்கத்தான் வந்தார்கள், காலடியில் முடி வைக்கிற மாதிரி வரப்பில் யாரும் நடந்து வரவில்லை. அந்த மாம்பழ நிறப் புடவையைக் கட்டிக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, நம் சொந்த வரப்பில் நீ நடந்து வர வேண்டும். எதிர் வரப்பில் அப்பா வெள்ளைச் சட்டையில், மிராசுதாரின் குடையைவிடப் பெரிய குடை பிடித்துக்கொண்டு நிற்பார். நான் சொல்லி வைத்திருக்கிறேன், வெட்கப்படுகிறார், ஆனால் நிற்பார். உன் காலடியில் முடியை நானே வைப்பேன். குலவை பாபநாசம் வரை கேட்கும்.

அதற்கு முன்னால் உன் ஆபீஸில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு வா. நான் வேறெதுவும் கேட்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு. நம் கீழநெடுங்கரைப் பேரும் அப்பா பேரும் உன் வாயில் நீண்ட காலம் இருக்கட்டும். என்றைக்கும் நிமிர்ந்த முகத்தோடு இரு, என் கண்ணு. மூன்றாவது படிக்கும்போதே தெரிந்தவள் நீ, உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் பெற்ற மனசு, சொல்லிவிடுகிறேன்.

முடியைத் தாண்டிப் போய்விடாதே. நின்று போ.

வடக்கு வெளி வரப்பில் உனக்காகக் காத்திருக்கும்
உன் அம்மா,
இரா. அம்சம்